நான் ஓடிய பக்கம்

பத்து வயதில், என் தோழி சேற்றில் கால் புதைந்து நின்றபோது, நான் ஏன் வீட்டுப் பக்கம் ஓடினேன்?

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இருபது வருடத்துக்கும் மேலாக என் இரண்டு தோழிகளும் இதை ஒரு வேடிக்கைக் கதையாக என் முன்னாலேயே சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் கோபித்துக்கொண்டதாக ஆகிவிடும். இப்போது என் மகளுக்கு ஏழு வயது. அவளும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டாள். அவள் சிரிக்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் கோலா சிலாங்கூரில், ஆற்றை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். ஒரே தொழிலாளர் லயம், அடுத்தடுத்த வீடுகள். ஒருத்தி இப்போது பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் காலை நேர நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுக் கடை வைத்திருக்கிறாள். இன்னொருத்தி கல்யாணமாகி சபாக் போய்விட்டாள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கடைக்காரி, மற்றவள் சபாக்காரி. நான் டவுனில் பாலர் பள்ளி ஆசிரியை. என்னை 'டீச்சர்' என்பார்கள். கிண்டல் செய்ய வேண்டுமென்றால் 'ஓட்டக்காரி' என்பார்கள்.

தோட்டத்தில் நிலம் தாழ்வு. மரங்களுக்கு நடுவே ஓடும் சின்ன வாய்க்கால்கள் எல்லாம் ஒரு பெரிய வாய்க்காலில் வந்து சேரும். அதன் கடைசியில், ஆற்றங்கரையில், ஓர் இரும்புக் கதவு. கடல் ஏறினால் எங்கள் ஆறும் ஏறும், கடல் இறங்கினால் ஆறும் இறங்கும். ஆறு இறங்கும்போது கதவைச் சங்கிலியால் தூக்கித் தோட்டத்துத் தண்ணீரை வெளியே விடுவார்கள். ஏறும் முன் கதவை இறக்கி அடைப்பார்கள். அதற்கென்றே ஒருவர் இருந்தார். கதவு திறந்திருக்கும் நேரம் பெரிய வாய்க்கால் வற்றி, சேற்றில் அங்கங்கே குட்டைகள் மட்டும் நிற்கும். அதில் மாட்டிக்கொண்ட கெளுத்தியைத் துணிக்கூடையால் அள்ளுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. வீட்டில் அதைச் சமைக்கக்கூட மாட்டார்கள், சேற்று வாடை என்பார்கள். அப்படியும் போவோம்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. சங்கிலிச் சத்தம் கேட்டால் உடனே மேலே ஏறிவிட வேண்டும். கதவு இறங்கிவிட்டால் சின்ன வாய்க்கால்களிலிருந்து வரும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் ஏற ஆரம்பிக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் இரவு நல்ல மழை. சங்கிலிச் சத்தம் கேட்டது. கேட்டும் நாங்கள் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் கடைக்காரியின் வலது கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டது. இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. தண்ணீர் அவள் தொடைக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு. சபாக்காரி கரையில் கிடந்த ஒரு செம்பனை மட்டையை எடுத்து நீட்டினாள். மட்டையின் இரண்டு ஓரமும் முள். கடைக்காரி அதை முள்ளோடு பிடித்துத்தான் வெளியே வந்தாள். அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது.

நான் அங்கே இல்லை. ஓடிக்கொண்டிருந்தேன். சரளைக் கல் ரோட்டில் என் கால் பட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்து என் ஞாபகத்தில் இருப்பது, வீட்டில் குளித்து முடித்து, மேசையில் உட்கார்ந்து கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. யாரிடமாவது சொன்னேனா? சொல்ல வாயெடுத்தேனா? அம்மாவிடம் பல தடவை கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? நீ அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு," என்றார் அம்மா.

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் மூன்று குடும்பமும் கூடியிருந்தோம். சபாக்காரி வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

"இவ கைய நான் துணி சுத்தி, இவங்க அம்மாட்ட ஏச்சு வாங்கி, எல்லாம் முடிச்சிட்டு டீச்சர் வீட்டுக்குப் போறேன். உள்ள பாத்தா பவுடர் போட்டுக்கிட்டு ஹோம்வர்க் செய்யுது. நான் சேறோட நிக்கிறேன். என்னைப் பாத்து என்ன கேட்டா தெரியுமா? 'நீ கணக்கு முடிச்சிட்டியா?'"

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். பவுடர் என்பது அவள் புதிதாகச் சேர்த்தது. ஐந்து வருடத்துக்கு முன் அந்தக் கதையில் பவுடர் கிடையாது. ஆனால் அதைச் சொன்னால், மற்றதெல்லாம் உண்மை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காரில் மகள் கேட்டாள்.

"அம்மா, நான் சேத்துல மாட்டிக்கிட்டா நீங்க எந்தப் பக்கம் ஓடுவீங்க?"

"ஓட மாட்டேன்யா. உன்கூடவே நிப்பேன்."

"சும்மா நின்னா எப்படி? யாராச்சும் ஆளைக் கூப்பிடணும்ல?"

நாள் முழுக்க இருபத்தைந்து குழந்தைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவள் நான். அன்று சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் நின்றேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் சபாக்காரி குழுவில் எழுதினாள்: பிள்ளைகளைப் பெரிய வாய்க்காலுக்கு அழைத்துப்போய் மீன் அள்ளக் காட்டலாம். தோட்டத்தில் இப்போது எங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை, லயத்தையும் இடித்துவிட்டார்கள். ஆனால் வாய்க்காலும் கதவும் அப்படியே இருக்கின்றன. நான் இரண்டு நாள் பதில் எழுதவில்லை. பிறகு, போகாவிட்டால் அதற்கும் ஒரு கதை முளைக்கும் என்று தோன்றியது. மகளுக்கு ஓர் உயிர்காப்புச் சட்டை வாங்கினேன். ஆறு எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று போனில் பார்த்து எழுதிவைத்தேன். எத்தனை மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று குழுவில் போட்டேன்.

"காவாய்க்கும் டைம்டேபிளா? மணி யாரு அடிக்கிறது, டீச்சர்?" என்று சபாக்காரி பதில் போட்டாள்.

அங்கே போய்ப் பார்த்தால் தண்ணீர் பிள்ளைகளின் முழங்காலுக்குக்கூட வரவில்லை. என் மகள் மட்டும் ஆரஞ்சு நிறச் சட்டையில் நின்றாள். சபாக்காரியின் மகன், "ஆன்ட்டி, இவ கப்பல்லயா வந்தா?" என்று கேட்டான். மகள் அந்தச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் கரையில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு மகள் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது கால் கொஞ்சம் புதைந்தது. கணுக்கால் அளவுதான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு கேட்கவில்லை. சப்பாத்தோடு, பையில் போனோடு உள்ளே குதித்து, அவள் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன். அவள் செருப்பு சேற்றிலேயே போய்விட்டது. அடுத்த நிமிடம் என் கால்கள் இரண்டும் முழங்கால் வரை இறங்கின.

சபாக்காரி சிரித்தபடி ஒரு மட்டையை நீட்டினாள். "பிடிலா. இந்தத் தடவை முள்ளு செதுக்கித்தான் வச்சிருக்கேன்."

நான் பிடிக்கவில்லை. தவழ்ந்தே ஏறினேன். முகமெல்லாம் சேறு. மகளின் மேல்கையில் என் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"வலிக்குது," என்றாள். "நான் விளையாடிக்கிட்டுத்தாம்மா இருந்தேன்."

வீட்டுக்கு வந்த பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த தடவை நான் ஆன்ட்டிங்ககூட போறேன். நீங்க வர வேணாம்."

கணவரிடம் சொன்னேன். "சின்னப் பிள்ளை, ரெண்டு நாள்ல மறந்துடும். நீயும் விடேன்," என்றார். எதைச் சொன்னாலும் 'விடேன்' என்பதுதான் அவர் பதில். விடத் தெரிந்தால் நான் ஏன் அவரிடம் வந்து சொல்கிறேன்?

மறுவாரம் காலையில் கடைக்காரியின் கடைக்குப் போனேன். கூட்டம் குறைந்திருந்தது. அவள் மிச்சமிருந்த சோற்றை இலையில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கும்போது உள்ளங்கைத் தழும்பு தெரிந்தது. நான் நேராகவே கேட்டேன்.

"அந்தக் கதைய இனிமே பிள்ளைங்க முன்னால சொல்லாதீங்கடி. எனக்குக் கஷ்டமா இருக்கு."

"எந்தக் கதை? ஓட்டக்காரி கதையா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "நீ ஓடுனது தப்புன்னு நான் என்னிக்காச்சும் சொல்லியிருக்கேனா?"

"சிரிக்கிறீங்கல்ல?"

"சிரிக்காம? உக்காந்து அழவா? சேத்துல நின்னது நான்லா. கை கிழிஞ்சது எனக்கு. நீ என்னமோ உன் கதை மாதிரி பேசுற."

அவள் சொன்னது சரி. இத்தனை வருடமும் அந்தக் கதையில் நான் என்னை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அது உறைத்தது. உறைத்ததும் இன்னும் எரிச்சலாகத்தான் வந்தது.

"நான் ஆள் கூப்பிடத்தான் ஓடியிருப்பேன். அப்பா வீட்டுல இருந்தாரு," என்றேன்.

"இருக்கலாம். எனக்கு உன் முதுகுதான் தெரிஞ்சது," என்றாள். இன்னொரு இலையை எடுத்தாள். "ஒன்னு மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. சங்கிலிச் சத்தம் கேட்டுச்சு. அப்போ கதவுகிட்ட ஆளு இருக்காரு. கூப்பிடு தூரம்தான். நீ ஏன் அந்தப் பக்கம் போகல?"

அப்போது நான் அவளிடம், இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். சத்தம் கேட்டதும் அவர்கள் இருவரும் மேலே ஏறக் கிளம்பினார்கள். தடுத்தது நான். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஆபீஸ் லீவு. கதவுக்கு யாரும் வரமாட்டாங்க. அது வேற ஏதோ சத்தம்" என்று சொன்னேன். வகுப்பில் முதலாவது வருகிறவள் நான் என்பதால் என் பேச்சை நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் எல்லாருக்கும் லீவு. ஆற்றுக்கு லீவு இல்லை, அதனால் கதவுக்காரருக்கும் இல்லை. அது என் மூளையில் ஏறவில்லை. நடந்ததில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் ஞாபகம் இருப்பது இது ஒன்றுதான். அவர்களுடைய கதையில் இல்லாததும் இதுதான்.

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"நீயா சொன்ன?"

"நான்தான்."

கதவுப் பக்கம் ஓடினால் அங்கே ஆள் இருப்பார், நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். அதற்காகத்தான் வீட்டுப் பக்கம் திரும்பினேனோ என்று இப்போது நினைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை அப்படியெல்லாம் கணக்குப் போடுமா? அல்லது முப்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து நானே கட்டிவிடும் காரணமா? வெறும் பயமாகவும் இருக்கலாம். உண்மையிலேயே அப்பாவைத் தேடியும் இருக்கலாம். எதை எடுத்தாலும் இன்னொன்று அதைத் தட்டிவிடுகிறது.

கடைக்காரி இலையை மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள். ஒருவர் வந்து இரண்டு பொட்டலம் கேட்டார். கட்டிக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "சாப்பிட்டுப் போ," என்றாள். சாப்பிட்டேன். காசு வாங்க மாட்டேன் என்றாள். எப்போதும் வாங்குகிறவள். கோபத்தில் வேண்டாம் என்றாளா, பாவம் பார்த்தாளா? இதையும் வீடு வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

அதன் பிறகு பத்து நாள் குழுவில் அவள் ஒன்றும் எழுதவில்லை. முந்தாநாள் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்: "வர்ற லீவுக்கு நாங்க காவாய்க்குப் போறோம். பிள்ளைய என்கிட்ட விடு. நீ வராத. பழைய செருப்பு போட்டு அனுப்பு." அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்வதா? என்னை அந்தக் கரையில் இனிமேல் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வதா? கேட்டால், 'நீ ஏன்லா எல்லாத்தையும் இப்படி நோண்டுற' என்பாள்.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இப்போதே செருப்பைத் தேடி எடுத்து வாசலில் வைத்துவிடுவாள். அனுப்பாவிட்டால், அம்மா தானும் ஓடினாள், என்னையும் விடவில்லை என்று அவள் மனதில் பதிந்துவிடும். அனுப்பினால், அன்று மதியம் முழுக்க நான் வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பேன்? அவர்களுக்குத் தெரியாமல் ரோட்டோரம் காரை நிறுத்திக் காத்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கிற தாய்மார்களே, தந்தைமார்களே, உங்களிடம் இரண்டு கேட்கிறேன். அவளை நான் இல்லாமல் அனுப்பலாமா? உங்கள் பிள்ளையென்றால் அனுப்புவீர்களா? அடுத்தது, 'அம்மா, நீங்க ஏன் அந்தப் பக்கம் ஓடுனீங்க' என்று அவள் மறுபடியும் கேட்டால், தெரியாது என்று சொன்னால் போதுமா? தெரிந்த அந்த ஒன்றையும், ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொன்னதையும், ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிடலாமா? கடைக்காரிக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. 'விடு' என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.