மூன்று நாள் ஒருவரும் பார்க்கவில்லை

அக்காவின் தொடையிடுக்கில் அந்தக் கட்டியை நான் முதன்முதலாகக் கண்டது எங்கள் வீட்டுக் கிணற்றடியில். அவள் இரண்டாவது பெண்ணைப் பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் அவளுடைய புகுந்த வீடு. எங்கள் வீடு சுன்னாகத்துக்குக் கிழக்கே. நான்கு நாள் இருந்து போக வந்திருந்தாள். குறுக்குக் கட்டோடு நின்று வாளியை இழுத்தவள் சட்டென்று நிறுத்தி, ஒரு கையைக் கீழே கொண்டுபோய் எதையோ அமுக்கினாள்.

"என்னக்கா அது?"

"ஒண்டுமில்லை. நெறி."

நெறி என்றால், காலில் முள்ளுக் குத்தினாலோ புண் வந்தாலோ கவட்டில் திரளும் கட்டி. தோட்டம் செய்யும் வீடுகளில் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் அக்காவின் காலில் முள்ளும் இல்லை, புண்ணும் இல்லை. அன்று மத்தியானம் அறைக்குள் பாயில் படுத்திருந்தபோது கேட்டுக் கேட்டுக் கரைச்சல் கொடுத்து, அதைக் காட்ட வைத்தேன். எழுந்து நின்று இருமினாள். கவட்டு மடிப்புக்குக் கீழே, தொடையின் உட்பக்கமாக, ஒரு கொட்டைப்பாக்கு அளவில் தோலைத் தள்ளிக்கொண்டு வந்தது. திரும்பப் படுத்தாள், விரலால் மெல்லத் தொட்டதும் உள்ளே போய்விட்டது.

"அக்கா, நெறி எண்டா படுத்தாப்போலை மறையுமோ?"

"உனக்குப் பள்ளிக்கூடத்திலை உதுகளையும் படிப்பிக்கச் சொல்லி விட்டிருக்கினமோ?" என்று சிரித்தாள். நான் அப்போது ஒரு பெண்கள் பாடசாலையில் சின்ன வகுப்புப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "மாமிக்கு மட்டும் சொன்னனான். பிள்ளை பெத்த பொம்பிளையளுக்கு அப்பிடித்தானாம், ஒண்டும் செய்யாதாம். நீ ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை. அத்தானுக்கு மறந்தும் சொல்லாதை."

சொல்ல மாட்டேன் என்றேன். சொன்ன சொல்லை ஒன்றரை வருடம் காப்பாற்றினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம், பங்குனியில், அத்தானின் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் வெங்காயம் நிறைந்த கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்தபோது அக்காவுக்குக் கவட்டில் சுரீரென்று குத்தியது. அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. மதியம் சாப்பிட்டதைச் சத்தி எடுத்தாள். மாலையில் இன்னும் இரண்டு தடவை.

அக்காவின் மாமிக்கு அதற்கு மேல் சந்தோஷம் வேண்டியதில்லை. இரண்டும் பெண்ணாய்ப் போன வீடு. "வயித்திலை தங்கியிருக்குப் போலை" என்று எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அம்மாவும் புறப்பட்டோம். அம்மா தேசிக்காய் ஊறுகாயும் புளி மாங்காயும் கட்டி எடுத்துக்கொண்டார். வழி நெடுக, இந்த முறை ஆண்பிள்ளைதான் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முழங்காலை வயிற்றோடு மடித்து வைத்திருந்தாள். நாங்கள் நின்ற நேரத்துக்குள் ஒருமுறை சத்தி எடுத்தாள், பச்சையாக இருந்தது. அம்மா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனதும் நான் குனிந்து கேட்டேன்.

"அக்கா, அந்தக் கட்டி?"

கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்தது.

"நேத்தையிலிருந்து உள்ளுக்குப் போகுதில்லை. அமத்திப் பாத்தன். கல்லு மாதிரிக் கிடக்கு. தொட ஏலாது."

அம்மாவைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். அம்மாவின் முகம் மாறியது; ஆனால் மாறியது பயத்தால் அல்ல.

"மெல்லக் கதை. ஆம்பிளையள் இருக்கிற வீடு. உதையெல்லாம் வாயாலை சொல்லுறதே?"

"அம்மா, உது பிள்ளை இல்லை. வேறை என்னவோ."

"கலியாணம் கட்டாதவளுக்கு உதைப் பற்றி என்ன தெரியும்? சும்மா இரு."

சும்மா இருந்தேன். பொழுதுபடுவதற்கு முன் பரியாரியாரைக் கூட்டி வந்தார்கள். நல்ல கைராசிக்காரர் என்று பெயர். அறை வாசலில் ஒரு கதிரையில் இருந்து நாடி பார்த்தார். கேள்விகளை மாமியிடம் கேட்டார். மாமியே பதில் சொன்னார். வெளிக்குப் போகவில்லையா? ஓம், நேற்றிலிருந்து போகவில்லை. சத்தியா? ஓம். வேறு ஏதும்? இல்லை. நான் மாமிக்குப் பின்னால் நின்றேன். வாய்வரை வந்தது. அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார். கர்ப்பமா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது, மலக்கட்டு இருக்கிறது, முதலில் அதைப் போக்குவோம் என்று பரியாரியார் ஒரு பேதி மருந்து கொடுத்துவிட்டு எழுந்து போனார். அந்த அறைக்குள் அவர் காலடி வைக்கவே இல்லை. வைப்பது மரியாதை இல்லை என்றே அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம்.

புதன்கிழமை நான் அங்கிருந்தே பள்ளிக்கூடம் போனேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அக்கா அப்படிக் கிடக்க, நான் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது வயிறு ஊதி இறுகியிருந்தது. பேதி மருந்து ஒன்றையும் கீழே இறக்கவில்லை, காற்றுக்கூடப் பிரியவில்லை. வயிற்றுக்குள் முறுக்கி முறுக்கி வந்த நோவில் பாயைப் பிறாண்டினாள். சத்தியில் இப்போது மலத்தின் நாற்றம் அடித்தது. அம்மா வேப்பிலை கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். மாமி கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். போர்வையை விலக்கி அந்த இடத்தைப் பார்க்க மட்டும் ஒருவரும் இல்லை.

வியாழக்கிழமை விடியும்போது அக்கா அமைதியாகக் கிடந்தாள்.

"நோக் குறைஞ்சிட்டுதாம்," என்றார் மாமி. "மருந்து இப்பதான் பிடிக்குது."

நான் கிட்டப் போய் அவள் கையைப் பிடித்தேன். குளிர்ந்து, வியர்த்து, பிசுபிசுத்தது. மூக்கு கூராகிவிட்டது. கண் உள்ளே போய்விட்டது. நோய் குறைந்தவளின் முகம் அதுவல்ல என்பது எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. போர்வையை விலக்கினேன். அம்மா "ஏய்" என்றார். நான் நிறுத்தவில்லை. கொட்டைப்பாக்கு அளவில் இருந்த கட்டி இப்போது ஒரு தேசிக்காய் அளவுக்கு வந்திருந்தது. அதன் மேல் தோல் கன்றிச் சிவந்து, நடுவில் கறுப்பாக இருந்தது.

பாரம் தூக்கும் ஆண்களுக்குக் குடல் இறங்கும் என்று ஊரில் கேட்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நேராகத் தோட்டத்துக்கு ஓடினேன். அத்தான் கிணற்றுப் பட்டறையடியில் நின்று தண்ணீர் இறைப்புக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். மிதித்து இறைக்கத் துலாவில் இன்னொருவர் ஏறி நின்றார். ஒரு பெண் தன் அத்தானிடம் சொல்லக்கூடிய சொல் அல்ல அது. அந்நிய ஆண் கேட்க, உரத்துச் சொன்னேன்.

"அத்தான், அக்காவுக்குக் கவட்டுக்குள்ளாலை குடல் இறங்கியிருக்கு. பிள்ளையும் இல்லை ஒண்டும் இல்லை. உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்."

அத்தான் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் என்ரை கண்ணாலை பாத்தனான். ஒண்டரை வருசமா எனக்குத் தெரியும்."

"எனக்கேன் சொல்லேல்லை?" அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. குரல் உடைந்திருந்தது. "என்ரை சித்தப்பா துலா மிதிச்சுக் குடல் இறங்கித்தான் செத்தவர். எனக்குத் தெரியாதே உது? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

துலாவில் நின்றவர் குதித்து இறங்கிச் சந்திக்கு ஓடி, வாடகைக் கார் பிடித்து வந்தார். மாமி வாசலில் குறுக்கே நின்றார். "பிள்ளைத்தாச்சியைக் காரிலை போட்டுக் குலுக்கிறதோ? கரு கலைஞ்சா ஆர் பொறுப்பு?" அத்தான் அக்காவைப் பாயோடு தூக்கிக்கொண்டு தாயாரைக் கடந்து போனார்.

பெண்களுக்கென்று இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தியாவிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், அடுத்த கணம் சேலையை விலக்கிக் கவட்டைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எத்தனை நாளா இப்படி இறுகியிருக்கு?"

"திங்கக்கிழமையிலிருந்து," என்றேன்.

"யார் பார்த்தாங்க?"

நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன்.

"யாருமே பார்க்கலையா? பேதிக்கு ஏதாவது கொடுத்தீங்களா?"

ஓமென்று தலையை ஆட்டினேன். அந்த அம்மாள் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். தாதிமாரைக் கூப்பிட்டு ஒப்பரேஷனுக்கு ஆயத்தம் செய்யச் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே எனக்கு விளங்கப்படுத்தினார். அடிவயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் ஒரு சிறிய வாசல் இருக்கிறது. பெண்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு, அது சில வேளை தளர்ந்துவிடும். குடல் அதற்குள்ளால் எட்டிப் பார்க்கும். படுத்தால் உள்ளே போகிறவரை உடனே சாகிற ஆபத்து இல்லை. அப்போதே வந்தால் தைத்துவிடலாம். போகாமல் இறுகினால், நோவோடு சத்தியும் வந்தால், மணித்தியாலக் கணக்குத்தான். கழுத்தில் சுருக்குப் போட்டதுபோல, இரத்தம் போகாமல் குடல் உள்ளேயே செத்துவிடும். அமத்தவும் கூடாது, பேதி கொடுக்கவும் கூடாது.

"இண்டைக்கு விடிய நோ குறைஞ்சிட்டுது எண்டவை," என்றேன்.

"செத்த குடல் நோகாதும்மா," என்றார். உள்ளே போய்விட்டார்.

பிற்பகலில் வெளியே வந்தார். நான்கு விரற்கடை அளவு குடல் கறுத்துப்போய் இருந்ததாகவும், அதை வெட்டி எடுத்து இரண்டு நுனியையும் பொருத்தித் தைத்திருப்பதாகவும், ஐந்து நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றும் சொன்னார். கர்ப்பம் இல்லை என்பதையும் சொன்னார். அத்தான் மதிலில் சாய்ந்து நின்று அழுதார். ஐந்து நாளும் அக்கா சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவில் கிடந்தாள். ஆறாம் நாள் காற்றுப் பிரிந்தது. அதைக் கேட்டு ஒரு குடும்பமே கும்பிட்டது. நான் தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஆபத்து நீங்கிய பிறகுதான் என் கோபம் முழுதாக எழுந்தது. முதலில் போனது பரியாரியார் வீட்டுக்கு.

"ஐயா, நீங்கள் ஒருக்காப் பாத்திருந்தா என்ன?"

அவர் முற்றத்தில் மருந்து காய வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, துலா மிதிக்கிறவன், மூட்டை தூக்கிறவன் சத்தி எண்டு வந்தா நான் முதல் கேக்கிறதே, கவட்டிலை கட்டி இருக்கோ எண்டுதான். எத்தினை பேரைக் கண்டிருப்பன். பொம்பிளையிட்டை அதை எப்பிடிக் கேக்கிறது? நான் வேறை ஏதும் உண்டோ எண்டு கேட்டனான். இல்லையெண்டவை. நீயும் அதிலைதானே நிண்டனீ?"

சண்டை பிடிக்கப் போனவள் திரும்பி நடந்தேன். நானும் அங்கேதான் நின்றேன். ஆனால் அவர் சொன்னதன் மற்றப் பாதி வழி முழுவதும் என்னைக் குடைந்தது. ஆணுக்கென்றால் முதல் கேள்வி. பெண்ணுக்கென்றால் கேட்கவே முடியாத கேள்வி. அதே குடல்தானே?

அக்கா பேசும் அளவுக்குத் தேறியதும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை நன்றி அல்ல.

"தோட்டத்திலை ஆக்கள் கேக்க அத்தானுக்குச் சொன்னியாம். நான் இனி எந்த முகத்தோடை அந்த ஒழுங்கையாலை போறது?"

"உயிரோடை போ. அது காணும்," என்றேன். அழுகை வந்தது, அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று வெளியே போய்விட்டேன். ஆவணி வரைக்கும் அவள் என்னுடன் சரியாகக் கதைக்கவில்லை. செத்திருந்தால் ஊர் முழுக்க அவளை நல்ல அடக்கமான பெண் என்று புகழ்ந்திருக்கும். பிழைத்ததால் வெட்கப்பட வேண்டியதாயிற்று. இதை என்னவென்று சொல்வது?

அந்த ஆவணியில் ஒரு மத்தியானம் மாமி தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக அவர் வந்ததே இல்லை. அம்மா சந்தைக்குப் போயிருந்தார். கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"உன்ரை கொக்காவுக்கு அது... படுத்தா உள்ளை போறதே?"

"ஓம் மாமி."

"இருமினா வாறதே?"

"ஓம்."

மோரைக் கீழே வைத்தார்.

"எனக்குப் பன்னிரண்டு வருசமாக் கிடக்கு. எல்லாப் பொம்பிளையளுக்கும் உள்ளதெண்டுதான் நான் நினைச்சிருந்தன். அதுதான் அவளுக்கும் அப்பிடிச் சொன்னனான்."

ஐந்து மாதமாக அந்த மனுஷியை நான் மனதுக்குள் வைது கொண்டிருந்தேன். எத்தனை சொல் சேர்த்து வைத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கிட்டப் போய் அவர் பக்கத்தில் இருந்தேன். பன்னிரண்டு வருடம் நெல்லுக் குத்தி, கடகம் சுமந்து, ஒவ்வொரு இருமலுக்கும் கவட்டைக் கையால் பொத்திக்கொண்டு திரிந்திருக்கிறார். கேட்க ஒருவரும் இல்லை. அவர் தாயாரும் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அடுத்த கிழமையே கூட்டிக்கொண்டு போனேன். அதே டாக்டரம்மா பார்த்தார். இறுகுவதற்கு முன் வந்தது நல்லது என்று தைத்து அனுப்பினார். பத்துப் பன்னிரண்டு நாளில் மாமி வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் பாயைச் சுற்றி இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் சேலைக்குள் அதையே ஒளித்து வைத்திருந்தார்களோ.

"என்ன வருத்தம் மாமி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கண்ணிலை ஒரு பூ," என்றார் மாமி. "வெட்டி எடுத்தவை."

நான் எழுந்து நின்று, அது கண்ணில் இல்லை, எங்கே இருந்தது என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அதன் பிறகு அந்த வீட்டில் பல வருடம் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இருவர் மட்டும், வெவ்வேறு நாட்களில், பள்ளிக்கூடத்து வேலியோரம் வந்து நின்று, "டீச்சர், உங்களோடை தனிய ஒரு கதை," என்று என்னைக் கூப்பிட்டார்கள்.