கறுப்பு மையும் ஜோய்ஸின் கேள்வியும்

கரீபியன் தீவான ட்ரினிடாட்டில் நடக்கும் கார்னிவல் என்ற தெருவிழாவுக்கு முதல்முறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனபோதே என் வேலை போகப் பார்த்தது. இரண்டாயிரங்களின் தொடக்கம். ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் ஒரு சின்னப் பயண முகவர் நிலையத்தில் இருந்தேன். ஜெர்மனும் ஆங்கிலமும் தெரியும் என்பதால் வழிகாட்டியாக அனுப்பினார்கள்.

நாங்கள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. ட்ரினிடாட்டின் தலைநகர் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் ஒரு உள்ளூர்க் குழுவோடு ஊர்வலத்தில் நடப்பதாக ஏற்பாடு. அந்தக் குழுவை நடத்தியவர் ஜோய்ஸ் என்ற தாதி.

திங்கள் காலை அவருடைய முற்றத்தில் கூடியிருந்தோம். எங்களோடு வந்த வெள்ளைக்காரர் ஃபோகல், முதலாளியின் பழைய வாடிக்கையாளர், முகம் முழுக்கக் கறுப்பு மை பூசி, உதட்டைச் சிவப்பாகப் பெருப்பித்து, கையில் சங்கிலியோடு குதித்துக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்கள் சிலர் சிரித்தார்கள். முற்றத்தில் மேளம் நின்றுவிட்டது.

ஜோய்ஸ் என்னிடம் திரும்பினார். "எங்கட ஆக்களும் கறுப்பு பூசுறவைதான். அடிமையா இருந்து விடுபட்டவை, தங்களை ஆண்டவையை நக்கலடிக்கப் பூசினவை. இவர் ஆரை நக்கலடிக்கிறார் எண்டு கேளுங்கோ."

"என்னவாம்? நல்லா இருக்காமோ?" என்றார் ஃபோகல்.

வேறு உடுப்புப் போடச் சொல்கிறா என்று சமாளித்திருக்கலாம். ஆனால் எனக்கு, ஜெர்மனிக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த வுப்பர்டால் நகரம் நினைவு வந்தது. அங்கே என் கணவர் மதுக்கடைகளில் ரோசாப்பூ விற்றுத்தான் எங்கள் முதல் வருடங்கள் போயின. அந்த ஊரிலும் கார்னிவல் உண்டு; அப்படி ஒரு நாள், முகத்தில் மண்ணிறம் பூசிய ஒருவன் கையில் ரோசாவோடு, இவருடைய உடைந்த ஜெர்மனைப் பேசிக்காட்டி ஆடினானாம். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

ஜோய்ஸ் சொன்னதை ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன்.

"சந்தோஷமா இருக்கத்தானே வந்தனான்! உங்கட முதலாளியோட கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு அவர் ஹோட்டலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஃபோகல் கழுவிய முகத்தோடு ஜோய்ஸின் வாசலில் வந்து நின்றார். "அந்தக் கதையை முழுக்கச் சொல்லச் சொல்லுங்கோ" என்றார். ஜோய்ஸ் கதிரையை இழுத்துப் போட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். அன்று ஊர்வலத்தில் ஃபோகல் கடைசி வரிசையில் நடந்தார். ஆடவில்லை.

ஆனால் கோபத்தில் அவர் முதல்நாளே தொலைபேசி எடுத்திருந்தார். நான் திரும்பியதும் முதலாளி கூப்பிட்டார். "வாடிக்கையாளர் மனம் நோகாத மாதிரி மொழிபெயர்க்க ஏலாதோ?"

"ஏலாது" என்றேன்.

அவர் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பிறகு அடுத்த வருடப் பயணத்தையும் என்னிடமே தந்தார். அந்த முறை புறப்படுவதற்கு முன்பே எல்லோரையும் கூப்பிட்டு, அந்தக் கார்னிவல் எதிலிருந்து பிறந்தது என்று சொன்னேன். கேட்டுவிட்டு இரண்டு பேர் வரவில்லை என்றார்கள். முதலாளியும் நானும் அவர்களை மறிக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: விமானச்சீட்டை யாரும் பதிவு செய்யலாம். இன்னொருவருடைய கொண்டாட்டத்துக்குள் ஆட்களைக் கூட்டிப்போனால், அந்த வீட்டுக்காரர் சொல்வதைத் தண்ணீர் கலக்காமல் சொல்லுங்கோ.