பூஜைக்கு அழித்த ஃபோல்டர்

புனேயில் கண்டே நவமி என்பார்கள், நமக்கு ஆயுத பூஜை. ஹடப்சரில் எங்கள் அலுவலகத்தில் அன்று கம்ப்யூட்டருக்கும் செண்டுமல்லி மாலை உண்டு. மாலைக்கு முன் ஆளாளுக்கு மேசையைத் துடைப்போம். உள்ளேயும் துடைக்க வேண்டும் என்பது எங்கள் டீமின் சம்பிரதாயம். போன வருடம் எழுதிய புரோகிராமை ஓடும் நிலைக்குத் தொகுத்துத் தரும், எல்லோருக்கும் பொதுவான பில்ட் மெஷினில் கிடந்த பழைய ஃபோல்டர்களை என் மதுரைக்காரத் தோழி ஒரே மூச்சில் அழித்தாள்.

ஆரத்தி முடிந்து, பேடா வாயில் கரைவதற்குள் பில்ட் நின்றுவிட்டது. இன்டர்ஃபேஸ் ஃபைல்களைக் காணோமாம். புரோகிராமின் ஒரு பகுதி இன்னொரு பகுதியிடம் என்னென்ன கேட்கலாம் என்று சொல்லும் ஃபைல்கள் அவை. பில்ட் ஓடும்போது தானாக உருவாகி, பில்ட் நடக்கும் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும்.

மறுநாள் கோயம்புத்தூரில் என் தங்கைக்கு நிச்சயம். அம்மா இல்லாத வீடு. தட்டு மாற்றும்போது அவள் பக்கத்தில் நிற்க நான் ஒருத்திதான். சாயங்கால விமானத்தை விட்டால் பண்டிகை நேரத்தில் வேறு டிக்கெட் கிடையாது. மேனேஜரோ, பில்ட் ஓடாமல் யாரும் கிளம்பக் கூடாது என்று இந்தியில் தேன் தடவிச் சொல்லிவிட்டுப் போனார்.

“நேத்து வரைக்கும் ஓடுச்சேடி. நான் என்ன பாவம் செஞ்சேன்?” என்றாள் தோழி.

“நீ அழிச்சதுல எதையோ நம்பித்தான் இத்தன நாளும் ஓடிருக்குது. தள்ளு, பாக்கலாம்.”

எந்தப் புண்ணியவானோ பில்டை நடத்தும் ஸ்கிரிப்டில் தன் ஃபோல்டரின் பெயரையே எழுதிவைத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருக்கிறான். நாங்கள் ஆளுக்கொரு பெயரில் ஃபோல்டர் வைத்து பில்ட் செய்தாலும், இந்த ஃபைல்களை மட்டும் ஸ்கிரிப்ட் அவன் ஃபோல்டரில்தான் தேடியிருக்கிறது. தோழி துடைத்ததில் அதுவும் போய்விட்டது. ஆள் கையில் கிடைத்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

அதே பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டுச் சமாளிக்கலாமே என்றார் திரும்ப எட்டிப் பார்த்த மேனேஜர். அடுத்த பூஜைக்கும் இதே கூத்தா? முடியாது என்றேன். பெயரைத் தூக்கிவிட்டு, இப்போது எந்த ஃபோல்டரில் பில்ட் நடக்கிறதோ அதற்குள்ளேயே தேடு என்று மாற்றினேன். என் ஃபோல்டரில் ஓடியது. தோழியின் ஃபோல்டரிலும் ஓடியது.

“சுண்டல்னு ஒரு பேர் வச்சுப் பாப்பமா?” என்றாள்.

சுண்டலிலும் ஓடியது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். தோழி என் பையை எடுத்துக் கையில் திணித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

விமானத்தில் உட்கார்ந்ததும் போன் அடித்தது. மேனேஜர். ஆபீசுக்குத் திரும்பி வரச் சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன். தன் மெஷினிலும் ஓடிவிட்டதாம், தங்கைக்கு வாழ்த்து சொல்லச் சொன்னார். வைத்த கையோடு தங்கையே கூப்பிட்டாள்.

“உன் நிச்சயத்துக்கு வாங்குன சேலைய மறக்காம எடுத்துட்டேன்டி,” என்றேன்.

“சேல கெடக்குது விடுக்கா. நீ ஏறிட்டயா, அதச் சொல்லு.”

“ஏறிட்டேன் சாமி,” என்றேன். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.