லேசருக்கு வைத்த பொட்டு

போன தை மாதம், தருமபுரியில் பென்னாகரம் ரோட்டோரம் இருக்கும் என் மரப்பட்டறையில் நடந்தது இது. கதவில் பூவும் மயிலும் செதுக்கும் சி.என்.சி மிஷின் ஒன்று வைத்திருக்கிறேன். கணினியில் படத்தைக் கொடுத்தால் அது செதுக்கும். நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு கலைஞன் போல நிற்பேன்.

என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, பாப்பிரெட்டிப்பட்டியில் புது வீடு கட்டினான். மனையில் நின்ற பலாமரத்தை அறுத்து நிலை, கதவெல்லாம் செய்தது போக ஒரே ஒரு பலகை மிஞ்சியது. அதில் வீட்டின் பெயரைப் பொறித்து, கிரகப்பிரவேசத்தன்று வாசலில் மாட்ட வேண்டும். சேலத்தில் கொடுத்துக்கொள்கிறேன் என்றான். சொந்த மாமன் நான் இருக்கும்போது சேலமா? மாமியார் வீட்டுப் பந்தியில், அத்தனை பேர் முன்னால், லேசரிலேயே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்போது என்னிடம் லேசர் கிடையாது.

வாங்கினேன். செதுக்கும் மோட்டாரைக் கழற்றி அந்த இடத்தில், ஒளியால் மரத்தைச் சுட்டு எழுதும் லேசரை மாட்டி, வயரைக் கண்ட்ரோல் போர்டில் செருகி, முறைப்படி பூஜையும் போட்டேன். ஒட்டுப்பலகைத் துண்டில் சோதித்தால், பூனை பிராண்டியது போல ஒரு கோடு. கூடவே கமகமவென்று சந்தன வாசனை. பூஜை பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கோளாறு போர்டில்தான் என்று முடிவு கட்டினேன். மிஷின் எப்படி நடக்க வேண்டும் என்பதை எண்களாக அதில் பதிய வேண்டும். வீடியோ பார்த்துப் பார்த்து மாற்ற ஆரம்பித்தேன். கணினி கொஞ்சம் கேட்டாலும் முழுச் சக்தியையும் கொடு என்றேன். நத்தை வேகத்தில் போ என்றேன். லேசர் மோடு என்று ஒன்று உண்டு. அது இருந்தால் மிஷினின் தலை நின்றதும் ஒளியும் அணைந்துவிடும். நிறுத்தி வைத்து ஒளியைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அதையும் எடுத்துவிட்டேன். கோடு மட்டும் அப்படியே இருந்தது. "ஏங்க, ஆணியக் காய்ச்சி எழுதியிருந்தாக்கூட இந்நேரம் முடிஞ்சிருக்குமுங்க" என்றாள் மனைவி. எனக்கு வீம்பு இன்னும் ஏறியது.

விசேஷத்துக்கு முந்தின நாள் காலையில், பலகையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மச்சினன் வந்துவிட்டான். என் புலம்பலைக் கேட்டவன், கரண்ட்டை அணைத்துவிட்டு லேசரைக் கீழிருந்து எட்டிப் பார்த்தான்.

"மாமா, இதுக்குப் பொட்டு வச்சது யாருங்க?"

நான்தான். மிஷினில் ஓர் இடம் விடாமல் சந்தனம் வைத்தவன், லேசரின் லென்ஸை நெற்றி என்று நினைத்து அதன் நடுவிலும் வைத்திருக்கிறேன். அது கருகி அடையாகப் பிடித்திருந்தது. ஒரு பாவமும் அறியாத போர்டைத்தான் நான் இத்தனை நாள் விசாரித்திருக்கிறேன்.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் நேராகப் பலகையையே வைத்து ஓட்டிவிட்டேன். போர்டில் இருந்த எண்களெல்லாம் கண் தெரியாத லேசருக்குப் போட்டவை என்பது மறந்துபோனது. கண் திறந்த லேசர் முதல் எழுத்தின் மேல் பாய்ந்தது. புகை வந்தது, பிறகு தீ. நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். தலை நின்றது, ஒளி நிற்கவில்லை. நிற்காதே என்று சொல்லி வைத்தவனே நான்தானே. ஒரே இடத்தைப் போட்டுக் குடைந்தது. மச்சினன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.

பலகையில் சுண்டைக்காய் அளவுக்குக் கரிக்குழி. அவன் பலகையை எடுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் அதைத் திருப்பி வைத்தான்.

"பின்பக்கம் இருக்குதுங்களே. நீங்களே போடுங்க மாமா. நான் சுவிச்சுகிட்ட நிக்கறேன்."

முதலில் லேசர் மோடைத் திரும்பப் போட்டேன். நிறுத்தினால் ஒளி அணைகிறதா என்று எனக்கே சலிக்கும்வரை பார்த்தேன். பிறகு சக்தியையும் வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒட்டுப்பலகைத் துண்டுகளில் அதே முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பப் பொறித்தேன். சாப்பாடு ஆறிப்போனது. பட்டறை முழுக்க ஒரே எழுத்து, வெளுப்பிலிருந்து கறுப்பு வரை. அதில் ஒரு நிறத்தை அவன் காட்டினான். அதற்கப்புறம்தான் பலகையைத் தொட்டேன். லேசர் ஒளி கண்ணில் படாமலிருக்க இருவரும் பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கண் ஆபரேஷன் முகாமிலிருந்து தப்பி வந்தவர்கள் போல நின்றோம். கடைசி எழுத்து முடியும்வரை அவன் சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.

மறுநாள் பலகை வாசலில் ஏறியது. சந்தனப் பொட்டு விவகாரத்தை மச்சினன் பந்தி பந்தியாகச் சொல்லி என் மானத்தை வாங்கினான். ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த கரிக்குழியைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

பட்டறையில் யாராவது ஒரு வேலையைக் கெடுத்துவிட்டுத் திருதிருவென்று விழிக்கும்போது, அவரைத் தள்ளிவிட்டு நானே செய்துவிட இன்றும் கை பரபரக்கும்; கையைக் கட்டிக்கொண்டு, போய் சுவிட்ச் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.