பஸ்ஸுக்கு வைக்காத காவல்

ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் ஒன்று உண்டு. அதை ஆடுகிறவர்களுக்கு மற்றவர்களைவிட மூளை ஜாஸ்தி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் ஆடியவன்தான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மலைக்குக் கீழே சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மலை பார்க்கப் போன நாங்கள் நாலு கல்லூரி மாணவர்கள், கள்ளக்குறிச்சி பஸ் கிளம்பாமல் வெள்ளிமலை டீக்கடையில் மாட்டிக்கொண்டோம். பொழுது போக அந்த ஆட்டத்தைத் தொடங்கினோம். ஒருவன் கதை சொன்னான். மற்றவர்கள் திருடன், மந்திரவாதி, படைவீரன். கதையில் வந்த குகைக்குள் இருந்த ஒரு கதவைத் திறப்பதா வேண்டாமா என்று மதியம் முழுக்கச் சண்டை. பின்னாலிருந்து எதிரி வந்துவிடக் கூடாதென்று படைவீரனைக் குகை வாசலில் காவலுக்கு வேறு நிறுத்தினோம். பஸ்ஸுக்குக் காவல் வைக்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. வழி திறந்ததும் அது ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன். அதே பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர், சாமை மூட்டையோடு பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கும் பஸ் போயிடுச்சுங்களே?"

"பஸ்ஸு நாளைக்கும் வரும் தம்பி. அந்தக் கதவுக்குப் பின்னால இன்னா இருக்குது, அதச் சொல்லு."