சவப்பெட்டியை மூடும்போது வாசலைக் காட்டினேன்

1. கார் வந்து நின்றது

"குமாரு, கேட்டாண்ட கார் வந்து நிக்குது பாரு. கேமரா ஒன்னப் போடு."

வாசல் பக்கம் நின்றிருந்த முதலாளி ஹெட்செட்டில் சொன்னார். எந்தக் கேமராவின் படம் நேரலையில் போவது என்று மாற்றும் மிக்ஸரில் நான் முதல் பட்டனை அழுத்தினேன். காரிலிருந்து தொகுதிப் பிரமுகர் ஒருவர் இறங்கினார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் ரோஜா மாலையைத் தூக்கி வந்தார்கள். படம் சுத்தமாக இருந்தது. ஒரு நடுக்கம் இல்லை.

அந்த வாசல் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே வீட்டுக்குள், மாதா கோயிலில் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று சவப்பெட்டியின் மூடியைக் கொண்டுபோய் வைத்து ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நின்ற கேமரா இரண்டு அதை எடுத்துக்கொண்டுதான் இருந்தது. அதை வெளியே விடாதது நான்.

எங்கள் ஊரில் சாரம் என்ற பகுதியில், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவரின் இறுதி ஊர்வலம் அது. எங்கள் உள்ளூர் கேபிள் சேனலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் மிக்ஸர் கற்றுக்கொள்ள வருகிறார்கள். எந்தப் பட்டன் எதற்கு என்பதை அரை நாளில் சொல்லிவிடலாம். எந்த நேரத்தில் எதை அழுத்தக் கூடாது என்பதற்கு இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

2. எங்கள் சேனல்

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். சேனலில் சேர்ந்தது கேபிள் இழுக்க. கருவடிக்குப்பத்திலிருந்து கடற்கரைவரை நான் மாடி ஏறாத தெரு குறைவு. அப்போது எங்கள் ஸ்டுடியோ ஒரே ஒரு அறை. ஒரு டெக், ஒரு டிவி, ஒரு மின்விசிறி. மாலையில் அரை மணி நேரம் ஊர்ச் செய்தி, மற்ற நேரம் பாட்டு. அடியில் ஓடும் வரியில் பிறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் அடுத்தடுத்துப் போகும்.

மிக்ஸருக்கு ஆள் வராத ஒரு நாளில் என்னை உட்காரவைத்தார்கள். அதில் எழுத்து குறைவு, எண்கள்தான் அதிகம். எனக்குச் சரியாக இருந்தது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மிக்ஸரில் பேச வேண்டியதில்லை. ஒரு வருடத்தில் பட்டனைப் பார்க்காமலே போட ஆரம்பித்தேன். தேர்பவனி, தீமிதி, பள்ளி ஆண்டுவிழா எல்லாம் என் விரல் வழியாகத்தான் ஊருக்குப் போனது.

இப்போது பாதிப் பேர் டிவியில் பார்ப்பதில்லை, போனில் பார்க்கிறார்கள். அதனால் பிரான்சில் இருப்பவர்களும் பார்க்க முடிகிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். கல்யாணம், சாவு இரண்டுக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள்.

சாவு வீட்டு லைவுக்கு முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். வாசலில் யார் மாலையோடு வந்தாலும் கேமரா ஒன்று. மாலை போட்டுக் கும்பிட்டு நகரும்வரை அவர் முகம் திரையில் இருக்க வேண்டும், கீழே பெயர் வர வேண்டும். வராவிட்டால் மறுநாள் அவரே போன் செய்து, நான் வந்தது ஏன் வரவில்லை என்று கேட்பார். நானும் அதைத்தான் சரியான வேலை என்று நினைத்திருந்தேன்.

3. போன்

இறந்தவரின் மகள் ஸ்டெல்லா, வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நான் மிக்ஸர் வைத்திருந்த மேசைக்கு ஓடி வந்தார். கையில் போன்.

"அண்ணே, தம்பி கேக்கறான். மூடி எடுத்துட்டு வராங்களே, அப்பாவக் காட்டச் சொல்லுன்றான்."

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். நாம் விடும் படம் பார்ப்பவர்களின் போனுக்குப் போய்ச் சேர ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். தம்பி ஜெரால்டு பாரிசில் உட்கார்ந்து, வாசல் படத்தின் ஓரத்தில் மூடியைத் தூக்கிப் போவதைப் பார்த்துவிட்டு இதைச் சொல்லியிருக்கிறார். அவர் அதைப் பார்த்துச் சொல்லி, ஸ்டெல்லா ஓடி வருவதற்குள் இங்கே ஸ்க்ரூ முடுக்கி முடிந்துவிட்டது.

அவருடைய தங்கும் அனுமதி அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. அங்கே மனைவி, இரண்டு பிள்ளைகள். அதனால்தான் எங்களை ஏற்பாடு செய்திருந்தார். இதெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலையை ஆரம்பிக்கும்போது நான் கேட்கவில்லை.

ஸ்டெல்லா ஸ்பீக்கரைப் போட்டார்.

"மூடிட்டாங்க தம்பி" என்றேன்.

ஜெரால்டு, "காலைலேர்ந்து பாத்துனு இருக்கேன்ணே" என்றார். "வரவங்க போறவங்க எல்லாரையும் பாத்துட்டேன். எங்கப்பாவத்தான் சரியா பாக்கல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை.

4. கல்லறை

பெட்டி கோயிலுக்குப் போனது. பூசையை ஒரு கேமராவில் எடுக்கும்படி கேமராமேன் தாசிடம் சொல்லிவிட்டு, நான் பைக்கில் கல்லறைக்குப் போனேன். அங்கே மதில் ஓரம் போன் சிக்னல் எப்போதும் இழுத்து இழுத்துத்தான் வரும். மதிலை ஒட்டிய வீட்டில் நம் இணைப்பு இருக்கிறது, அதை இழுத்தவனே நான்தான். அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டு, அவர்களின் இன்டர்நெட் பெட்டியிலிருந்து மதில் தாண்டி ஒயர் விட்டு, குழிக்குப் பத்தடி தூரத்தில் மேசை போட்டேன். இருபது நிமிட வேலை. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சந்தேகமெல்லாம் அடுத்த வேலையில்தான். அதற்கு வாய் வேண்டும்.

ஊர்வலம் வந்தது. பெட்டியைக் குழிக்குப் பக்கத்தில் மரக்கட்டைகள்மேல் வைத்தார்கள். சுற்றிலும் இருநூறு பேர் இருப்பார்கள். ஹெட்செட்டில் முதலாளி, "கார்ல வந்த பெரியவர் பக்கத்துல நிக்கறாரு, அவர விட்டுடாத" என்றார். நான் கேமரா இரண்டைப் போட்டு, பெட்டியை மட்டும் காட்டச் சொல்லிவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பூசை வைத்த பங்குச் சாமியாரிடம் போனேன். காது சுட்டது.

"சாமி, மூடிய ஒருவாட்டி தொறக்கணும். பையன் பாக்கல. தப்பு என்னுது."

அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா தலையை ஆட்டினார். கூட்டத்தில் யாரோ, முடுக்கினதைத் திறக்கலாமா என்று முணுமுணுத்தார்கள். சாமியார் அந்தப் பக்கம் திரும்பாமலே, "ஸ்க்ரூதானப்பா, தொறங்க" என்றார்.

திறந்தார்கள். தாஸ் கேமராவை முகத்துக்குக் கொண்டுபோனார். சாமியார் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, போதுமா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"இன்னும் அங்க போய்ச் சேரல சாமி" என்றேன்.

அந்த அரை நிமிடம் எனக்கு மறக்காது. இருநூறு பேர், ஒருவரும் பேசவில்லை. பிரமுகரும் கைகட்டி நின்றார். ஸ்டெல்லா போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தார். அதிலிருந்து முதலில் ஒரு மூச்சு வந்தது.

"ஷேவ் பண்ணிவுட்டது யாரு?"

"நான்தான்டா" என்றார் ஸ்டெல்லா.

"மீசையக் கொறச்சிட்ட."

"பேசுவடா. நீ வந்து பண்றது."

ஜெரால்டு சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. அவராகவே, "போதும்க்கா, மூடச் சொல்லு" என்று சொல்லும்வரை யாரும் மூடியைத் தொடவில்லை.

5. பிறகு

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். கல்லறையில் பெரியவர் முகம் ஒரு தடவைகூட வரவில்லை என்று போன் வந்ததாம். யாரைக் கேட்டு ஹெட்செட்டைக் கழற்றினாய் என்றார்.

நான் வழக்கமாகத் தரையைப் பார்ப்பேன். அன்று பார்க்கவில்லை.

"வாசலுக்கு வந்தவங்க நேர்லயே வந்துட்டாங்க முதலாளி. லைவ் அவங்களுக்கு இல்ல. வர முடியாதவங்களுக்கு."

அவர் அடுத்த சாவு வீட்டுக்கும் என்னைத்தான் அனுப்பினார். கார் வருகிறது என்று ஹெட்செட்டில் அவர் சொன்னால், பார்த்தேன் என்பேன். போடுவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்வேன்.

இப்போது ஒயர்ச் சுருளைப் பிரிப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் போய், வர முடியாமல் போனவர் யார் என்று கேட்டு, அந்தப் பெயரை ஒரு டேப்பில் எழுதி மிக்ஸர்மேல் ஒட்டுவேன். என் எழுத்து கோணலாக இருக்கும், எனக்குப் புரிந்தால் போதும். மூடியை வைக்கப் போகிறவரிடம், நான் கையைத் தூக்கினால் நிறுத்துங்கள், இறக்கிய பிறகு மூடுங்கள் என்பேன். இருநூறு பேர் பார்க்கக் கையைத் தூக்கி அரை நிமிடம் நிற்பது எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான். ஆனாலும் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பக்கம் பார்த்தாயிற்று என்று தெரியாமல் இறக்குவதில்லை.