சிந்திய தீவனம்

தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சோதனை எலிகளைப் பார்த்துக்கொள்வது செலினின் வேலை. அவர் அப்பா லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மகள் டீச்சர் ஆவாள் என்று நினைத்திருந்தார். செலினுக்கோ எலிகள் பிடித்துப் போயின. பதினோரு வருடம் ஓடிவிட்டது.

1986-இல் டாக்டர் சீதாராமன் ஒரு சோதனையை முடித்தார். பாதி எலிகளுக்குப் பால் புரதம், மீதிக்கு சோயா புரதம். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், சோயா எலிகளின் ஈரலில் கொழுப்பை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிக் கிடந்தன. சீதாராமனுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. டெல்லி மாநாட்டுக்குக் கட்டுரை தயாரானது.

செலின் அவர் அறைக்குப் போனார்.

"சார், சோயா எலிங்க சரியா சாப்பிடல. கிளறிக் கீழ தள்ளுதுங்க."

"கிண்ணம் காலியாத்தானே இருக்கு?"

"ஹவ் சார், காலிதான். ஆனா வயித்துக்குள்ள போகலியே. கம்மியா தின்னாலே ஈரல்ல கொழுப்பு வேலை குறையும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எல்லாக் கூண்டுலயும்தான் சிந்தும், செலின். சரியாப் போயிடும்."

"போகுதான்னு நிறுத்துப் பாத்துடறேன்."

அடுத்து வந்த எலிகளுக்கும் அதே தீவனம்தான். செலின் ஒவ்வொரு கூண்டின் கீழும் காகிதம் விரித்தார். காலையில் சிந்தியதைச் சலித்து, புழுக்கையைப் பொறுக்கி நீக்கி, உலர்த்தி நிறுத்து, நோட்டில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவார். கூட வேலை பார்த்த சக்ரபாணி சிரித்தார்.

"எதுக்கு இந்தப் பாடு? யாரும் கேக்கலியே!"

"நான் கேக்கறேன்ல" என்றார் செலின்.

மூன்று வாரத்தில் கணக்கு தெளிவானது. பால் எலி நாளுக்குப் பதினாறு கிராம் தின்றது. சோயா எலி பன்னிரண்டுதான். நோட்டைச் சீதாராமன் இரண்டு முறை படித்தார். முகம் வாடிவிட்டது. கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பிறகு அவரே எலி அறைக்கு வந்தார்.

"இப்ப என்ன செய்யலாம்?"

"சோயா எலி இன்னிக்கு எவ்வளவு தின்னுதோ, நாளைக்குப் பால் எலிக்கும் அவ்வளவுதான் சார். திரும்ப முதல்லேருந்து. நக்கோ, வேணாம்னு சொல்லிடாதீங்க."

ஐந்து மாதம் ஆனது. முன்பு கண்ட வித்தியாசத்தில் பாதி மறைந்துபோனது. மறு பாதி அசையவில்லை: ஒரே அளவு தின்றும், சோயா எலிகளில் அந்த மரபணுக்கள் அடங்கியேதான் இருந்தன.

"இது சோயாவோட வேலைதான். இனிமே யார் கேட்டாலும் சொல்லலாம்" என்றார் சீதாராமன்.

கட்டுரை வெளிவந்தபோது மூன்றாவது பெயர் செலினுடையது. அதற்குள் அவர் கொள்ளுப் புரதத்தைச் சோதிக்க ஒரு திட்டம் எழுதி, சீதாராமனின் மேஜையில் வைத்திருந்தார்.